ஒடித்தால் அணையும் விளக்கு

சிக்கந்தர் அன்றைக்கு இரண்டு நடை குமுளிக்குப் போய் வந்திருந்தார். காலையில் கல்யாண ஜவுளியோடு ஒரு கூட்டம், மதியத்துக்குப் பிறகு ஏலக்காய் வியாபாரிகள். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பழைய வாடகைக் காரின் ஸ்டியரிங்கை இழுத்து இழுத்துத் தோள்பட்டை மரத்துப் போயிருந்தது. கொஞ்ச நாளாகவே ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம். கால் வட்டம் சுற்றினால்தான் சக்கரம் அசையவே ஆரம்பிக்கும். வீட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் மனசில் வேறு எதுவும் இல்லை.

கம்பத்தில் அவர் வீட்டை ஒட்டி ஒரு அரிசி ஆலை. அதன் சுவருக்கு அந்த வாரம்தான் வெள்ளை அடித்திருந்தார்கள். வண்டியைப் பின்னால் எடுத்து அந்தச் சுவரோரம் நிறுத்துவதுதான் வழக்கம். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்லி முடித்திருந்த நேரம். சந்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு எச்சரிக்கைக்காக வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபடி வண்டியைப் பின்னால் நகர்த்தினார். பின்விளக்கின் மஞ்சள் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் விழுந்து விட்டு விட்டு எரிந்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். சுவரில் வெளிச்சம் நின்று போனது.

பல்பு போய்விட்டது போல என்று நினைத்தார். ஸ்டியரிங்கை நேராக்கினார். வெளிச்சம் மறுபடி வந்தது.

மறுபடி ஒடித்தார். அணைந்தது. நேராக்கினார். எரிந்தது. லேசாக, இரண்டு விரல் அளவுக்கு மட்டும் திருப்பிப் பார்த்தார். அதற்கே அணைந்தது.

சிக்கந்தர் என்ஜினை நிறுத்தினார். ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். வெகுநேரமாகியும் மனுஷர் இறங்கவில்லையே என்று அவர் மனைவி ஷரீபா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"என்னங்க, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் வண்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கீங்க?"

அவர் அவளைச் சுவர்ப்பக்கம் நிற்கச் சொன்னார். சாவியைப் போட்டு, இண்டிகேட்டரையும் போட்டு, ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்டினார். ஷரீபாவுக்கு வண்டி சமாச்சாரம் தெரியாது. ஆனால் சுவரில் அணைந்த வெளிச்சம் எதைச் சொல்கிறது என்பது அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தச் சைக்கிள்காரரா?" என்றாள்.

சிக்கந்தர் தலையாட்டினார்.

போன ஐப்பசியில் நடந்தது அது. தேனியிலிருந்து கோம்பைக்கு ஒரு சவாரி. உத்தமபாளையத்தை நெருங்கும்போது நல்ல மழை. எப்போதும் கையை வெளியே நீட்டித்தான் அவர் திரும்புவார். அன்றைக்கு மழைக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தார். கோம்பை ரோடு பிரிகிற இடத்தில் இண்டிகேட்டரைப் போட்டு, நடு ரோட்டுக்கு வந்து, ஸ்டியரிங்கை லேசாக வலது பக்கம் வைத்தபடி எதிரே வந்த லாரிக்காக நின்றார். லாரி கடந்ததும் திருப்பினார். அதே நேரம் பின்னாலிருந்து வலது பக்கமாக ஒரு சைக்கிள் வந்து காரின் கதவில் மோதியது. சைக்கிளில் வந்தவர் ரோட்டில் விழுந்தார். கேரியரில் கட்டியிருந்த இரும்புப் பெட்டி அவர் முழங்கால் மேல் விழுந்தது.

அவர் பெயர் குருசாமி. அனுமந்தன்பட்டிக்காரர். சின்னமனூர் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் தியேட்டருக்குச் சைக்கிளில் வருவார். ஒரே படம் இரண்டு ஊரிலும் ஓடும்; இங்கே ரீல் தீர்வதற்குள் அங்கிருந்து வந்து சேர வேண்டும். அன்றைக்கு வந்து சேரவில்லை. தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் விசிலடித்துப் பார்த்து, கத்திப் பார்த்து, கடைசியில் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனது. குருசாமிக்குக் கால் முடமானது என்பதைவிட அவரால் படம் பாதியில் நின்றது என்பதுதான் ஊருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கார் நடு ரோட்டில் சும்மா நின்றது, விளக்கே எரியவில்லை, அதனால்தான் கடந்து போனேன் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு குருசாமி சொன்னார். இண்டிகேட்டர் போட்டேன் என்று சிக்கந்தர் சொன்னார். உத்தமபாளையம் டாக்ஸி ஸ்டாண்டில் சிக்கந்தரோடு வண்டி ஓட்டும் தவசி, தான் டீக்கடையில் நின்றதாகவும் விளக்கு எரிந்ததைப் பார்த்ததாகவும் சொன்னார். வண்டியைச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டி நேராக நின்றுகொண்டிருந்தது. இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. சைக்கிள்காரர் பெட்டி கொண்டு போகிற அவசரத்தில் பார்க்காமல் வந்து மோதிவிட்டார் என்று விஷயம் முடிந்தது.

முடிந்த பிறகும் குருசாமி விடவில்லை. கட்டுப் போட்ட காலோடு ஒருநாள் டாக்ஸி ஸ்டாண்டுக்கே வந்து, "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க பாய், எரிஞ்சுச்சா?" என்று கேட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்கந்தருக்குக் கோபம் வந்தது. "பொய் சொல்லிப் பொழைக்கணும்னு எனக்கு என்னய்யா தலையெழுத்து? நீதான் பொய்யன்" என்று கத்திவிட்டார். அது பொய்யில்லை, அவர் இண்டிகேட்டரைப் போட்டது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்.

"மொதல்ல மெக்கானிக் அண்ணாச்சிட்ட காட்டுங்க" என்றாள் ஷரீபா. "இது புதுசா வந்த கோளாறா இருந்தாலும் இருக்கும்."

அந்த ஆசை சிக்கந்தருக்கும் இருந்தது.

மறுநாள் காலையில் தேனிக்குப் போனார். கம்பம் ரோட்டில் ஞானதுரையின் ஒர்க்‌ஷாப். ஞானதுரைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்து எழும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே" என்பார். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு ஜீப்பின் கியர் பெட்டியோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்தார். சிக்கந்தர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டு போய் முடிகிற அடிப்பக்கத்தில் கையை விட்டுத் துழாவினார். விரலெல்லாம் கறுப்பு எண்ணெயாக வெளியே வந்தது.

"பாய், இங்கன வாங்க. ஸ்டியரிங் தண்டுக்குள்ள இன்னொரு சின்னக் குழாய் போகுது. இண்டிகேட்டர் ஒயரு, ஹாரன் ஒயரு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. நீங்க ஸ்டியரிங்கச் சுத்துனாலும் அந்தக் குழாய் சுத்தக் கூடாது. அடியில ஒரு நட்டு அதக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கும். அது தளந்துருச்சு. இப்ப ஸ்டியரிங்கோட சேந்து குழாயும் சுத்துது. ஒயர முறுக்கி இழுக்குது. வலது பக்கம் ஒடிச்சா ஒயர் வாய் விலகிருது. நேரா வச்சா வந்து ஒட்டிக்கிருது."

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்?"

ஞானதுரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கழிவுத்துணியில் கையைத் துடைத்தார்.

"இந்த நட்டு வழியாத்தான் எண்ணெ ஒழுகும். போன வருசக் கோடையிலயே ஒழுகுதுன்னு சொன்னேன். ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்கன்னேன்."

சிக்கந்தருக்கு ஞாபகம் இருந்தது. சித்திரைத் திருவிழா நேரம். வீரபாண்டிக்குச் சவாரி மேல் சவாரி. வண்டியை ஒரு நாள் நிறுத்த மனசு வரவில்லை. வீட்டில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு தகர டப்பாவை வைத்து ஒழுகுவதைப் பிடித்தார். அதோடு விட்டுவிட்டார்.

"அப்ப அன்னைக்கும்…"

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் பாய். நீங்களும் பண்ண முடியாது. கூடக் கொறைய இருந்திருக்கும்." ஞானதுரை ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் இதுல பங்கு இருக்கு. இன்ஸ்பெக்டர் பாக்கறதுக்கு முன்னால நீங்க வண்டிய இங்கதான கொண்டுவந்தீங்க? நானும் நேரா நிறுத்தி வச்சுத்தான் விளக்கப் போட்டுப் பாத்தேன். ஸ்டியரிங்க ஒடிச்சுப் பாக்கணும்னு எனக்கும் தோணல."

 வெளியே வாரச்சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"விட்டுட்டுப் போங்க. நட்டு மாத்தி, புது ஒயர் இழுத்து, ஆட்டத்தையும் எடுத்துத் தர்றேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க" என்றார் ஞானதுரை.

"இப்ப வேணாம் அண்ணாச்சி."

"ஏன்?"

"சரி பண்றதுக்கு முன்னால அவரு பாக்கணும்."

ஞானதுரை அவரை நிமிர்ந்து பார்த்தார். யோசித்துச் செய்யுங்கள் என்றோ, நல்ல காரியம் என்றோ எதுவும் சொல்லவில்லை. "மெதுவாப் போங்க. மலைப் பக்கம் ஏறிராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பிடம் திரும்பிப் போனார்.

அனுமந்தன்பட்டியில் குருசாமியின் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் தென்னங்கீற்றில் கூரைக்குக் கிடுகு முடைந்துகொண்டிருந்தார். வலது முழங்கால் மடங்காது. பக்கத்தில் ஒரு கம்பு கிடந்தது. காரைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அந்தக் காரை அவருக்கு நன்றாகத் தெரியும்.

சிக்கந்தர் இறங்கி வந்து எதிரில் நின்றார். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"குருசாமி, அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் போல."

"எது?"

"விளக்கு. நான் போட்டது நெசம். ஆனா எரியல போல. ஸ்டியரிங்க ஒடிச்சா அணைஞ்சிருது. எனக்கே நேத்து சாயங்காலம் வரைக்கும் தெரியாது. வாங்க, காட்டுறேன்."

குருசாமி எழுந்திருக்கவில்லை. கீற்றை ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து விட்டுக்கொண்டே, "பாத்து என்ன பாய் ஆகப் போகுது? காலு மடங்கிருமா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சிக்கந்தருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபித்துக்கொண்டால் வாங்கிக்கொள்வதற்குத் தயாராக வந்திருந்தார்.

"ஆகாதுதான்."

"பின்ன?"

"தெரியல. சொல்லாம இருக்க முடியல."

அதற்குள் குருசாமியின் மனைவி ஒச்சம்மாள் திராட்சைத் தோட்ட வேலை முடிந்து வந்துவிட்டாள். கையில் கத்தரியும் தூக்குவாளியுமாக நின்று, யார், என்ன என்று விசாரித்தாள். சிக்கந்தர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"வண்டியில ஏறுங்க" என்றாள். "ஏறி, அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்க."

அவள் காருக்குப் பின்னால் போய், விளக்குக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பொழுது சாயவில்லை, வெயிலில் விளக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. முந்தானையை விரித்து விளக்குக்கு நிழல் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து கூடினார்கள்.

"போட்டாச்சு. எரியுதா தங்கச்சி?" சிக்கந்தர் உள்ளேயிருந்து கேட்டார்.

"எரியுது."

ஸ்டியரிங்கைத் திருப்பினார். "இப்ப?"

பதில் வரவில்லை.

"இப்ப எரியுதா?"

"இன்னொரு தடவ செய்யுங்க."

செய்தார். இன்னொரு தடவை என்றாள். திரும்பவும் செய்தார். எத்தனை முறை கேட்டாள் என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் குருசாமியே கம்பை ஊன்றி எழுந்து, காரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்பக்கம் வந்தார். மனைவியின் தலைக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். எரிந்தது. அணைந்தது.

"போதும் பாய், நிறுத்துங்க. பேட்டரி தீந்துரும்" என்றார்.

ஒச்சம்மாள் எழுந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல், கூடி நின்ற ஆட்களைப் பார்த்துப் பேசினாள்.

"ஒரு வருசமா இந்த மனுசன நானே சொன்னேன். கண்ண எங்க வச்சுட்டுப் போன, கண்ண எங்க வச்சுட்டுப் போனன்னு தெனமும் சொன்னேன். சோறு போடும்போதெல்லாம் சொன்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. சிக்கந்தர் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டு வாசல்ல வந்து சொல்லிட்டா முடிஞ்சுச்சா? இவுகளப் பொய்யன்னு எங்கன வச்சுச் சொன்னீங்க? ஊரே பாக்க ஸ்டாண்டுல வச்சுத்தான சொன்னீங்க? அங்கன வந்து சொல்லுங்க."

"ஏ, விடு" என்றார் குருசாமி.

"நீ சும்மா இரு. நான் விட மாட்டேன்."

சிக்கந்தர் காரின் பின்கதவைத் திறந்தார். "ஏறுங்க. இப்பவே போவோம்."

குருசாமிக்கு அந்தக் காரில் ஏற ஒரு மாதிரியாக இருந்தது. மடங்காத காலை உள்ளே நீட்ட இடம் போதவில்லை. முன் சீட்டைத் தள்ளி, ஒச்சம்மாள் காலைத் தாங்கி வைத்து, ஒருவழியாக உட்கார்ந்தார். வண்டி உத்தமபாளையத்துக்குக் கிளம்பியது. திரும்ப வேண்டிய இடங்களிலெல்லாம் சிக்கந்தர் கையை நன்றாக வெளியே நீட்டினார்.

ஸ்டாண்டில் தவசி உட்படப் பழைய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். சிக்கந்தர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றிவளைக்காமல் சொன்னார். வண்டியில் கோளாறு, அன்றைக்கு விளக்கு எரிந்திருக்காது, குருசாமி சொன்னதுதான் உண்மை, பொய்யன் என்று தான் சொன்னது தப்பு. வந்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டியரிங்கையும் திருப்பிக் காட்டினார்.

சிலர் குனிந்து பார்த்தார்கள். சிலர் எதற்கு இந்த வேண்டாத வேலை என்பது போல பீடியைப் பற்றவைத்தார்கள். தவசிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நான் பாத்தேன்னு சொன்னது?" என்றார்.

"நீ பாத்தியா தவசி?"

 "ஒனக்காகத்தான சொன்னேன்" என்று தவசி தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு அங்கிருந்து எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சிக்கந்தரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சிக்கந்தரால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஒச்சம்மாள் கேட்டது அவ்வளவுதான். பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று புருஷனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கொண்டுவந்து விடுகிறேன் என்று சிக்கந்தர் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே இருந்தவருக்கு விஷயத்தைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முடிந்த கேஸை ஏன் கிளறுகிறீர்கள், உங்களுக்குத்தானே வம்பு என்று அவர் கேட்டார். ஆனாலும் எழுதிக்கொண்டார். தியேட்டர் மேனேஜர் வைகுண்டராஜிடமும் சிக்கந்தர் போய்ச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பாவந்தான். ஆனா பெட்டி எடுக்க இப்ப வேற ஆள் வந்தாச்சே பாய். அந்தக் காலோட அவரால சைக்கிள் மிதிக்கவும் முடியாதே" என்றார். 

வீட்டுக்கு வந்ததும் ஷரீபா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, "அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. பேட்டரி தீந்துரும்னு சொன்னாக."

 அவர் பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டுப் படுத்தார். தூக்கம் வந்தது. அத்தனை அசதி. ஆனால் காலையில் எழுந்தபோதும் அசதி அப்படியே இருந்தது.

அடுத்த நாள் வண்டியை ஞானதுரையிடம் விட்டார். ஞானதுரை ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி, நடுவில் இருந்த குமிழை எடுத்து, குழாயை மெதுவாக வெளியே உருவினார். ஒயர்கள் கயிறு திரித்த மாதிரி முறுகிக் கிடந்தன. இரண்டு இடத்தில் மேல்தோல் உரிந்து செம்பு தெரிந்தது. புது ஒயர்களைச் சேர்த்துக் கட்டிக் குழாய்க்குள் இழுத்தார். தண்டின் மேல்பக்கத்தில் தேய்ந்து போயிருந்த புஷ்ஷை மாற்றினார். அடி நட்டை மாற்றி இறுக்கி, எண்ணெய் ஊற்றி, ஒழுகுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். எல்லாம் மாட்டி முடித்ததும் சிக்கந்தரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு அவர் பின்னால் போய் நின்றார். சிக்கந்தர் ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் வலது பக்கம் ஒடித்தார், பிறகு இடது பக்கம். விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. சரியாகிவிட்டது என்று இருவருக்குமே வாய்விட்டுச் சொல்லத் தோன்றவில்லை.

தை பிறந்த பிறகு, குருசாமியைத் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க வைத்துக்கொண்டதாகச் சிக்கந்தர் கேள்விப்பட்டார். வைகுண்டராஜ் மனம் மாறினாரா, ஒச்சம்மாள் போய்ச் சண்டை போட்டாளா, அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூப்பிட்டார்களா என்பது தெரியவில்லை. அவரும் விசாரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்குக் கோம்பையிலிருந்து ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அவர் தியேட்டருக்கு வர வேண்டியிருந்தது. படம் முடியும் வரை இருந்து திரும்பக் கூட்டிப் போக வேண்டும். கேட்டுக்குள் நுழைந்ததும் கம்பை ஊன்றி நின்ற குருசாமி அவரைப் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு கம்பைத் தூக்கி, புளியமரத்து நிழலைக் காட்டினார்.

"இங்கன போடுங்க பாய். வெயிலு ஏறாது."

சிக்கந்தர் அங்கே நிறுத்திவிட்டு இறங்கினார். டீக்காரனிடம் இரண்டு டீ சொன்னார். குருசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையாக நின்ற சைக்கிள்களுக்கு நடுவே ஸ்டூலில் அவரும், காரின் படியில் இவரும் உட்கார்ந்து குடித்தார்கள். உள்ளே படம் ஆரம்பித்துச் சத்தம் கேட்டது.

"காலு எப்படி இருக்கு?" என்றார் சிக்கந்தர்.

"நின்னா வலிக்குது. ஒக்காந்தா மரத்துப் போகுது." குருசாமி டீயை ஆற்றினார். "ஒச்சம்மா இன்னும் ஒங்களத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

"திட்டட்டும்."

"எனக்கும் எப்பவாச்சும் வாயில வசவு வருது. ஒங்ககிட்ட சொல்லிர்றதுதான் நல்லது பாருங்க."

சிக்கந்தர் தலையாட்டினார். கிளாஸை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு வந்து, காரின் பின் சீட்டில் கால்களை வெளியே நீட்டிப் படுத்தார். இடைவேளை மணியும், சைக்கிள்களை ஒழுங்குபடுத்தும் குருசாமியின் குரலும் தூக்கத்தில் எங்கோ கேட்டன. படம் முடிந்ததும் குருசாமிதான் கார்க்கூரையைத் தட்டி அவரை எழுப்பினார்.